சி நிரல்களில் செய்தி வரிசையிலிருந்து செய்தி பெறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஞாயிறுதோறும் சி மொழியில் சிஸ்டம் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். மெசேஜ் கியூ என்னும் செய்தி வரிசைப் பாடத்தில் செய்தியை அனுப்புவது அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பெறுவதில்தான் மாணவர்கள் வாரக்கணக்கில் திணறுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபங்ஷன்களின் பெயர்களை வகுப்பில் வாயால் சொல்கிற விதமாகவே தமிழில் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றுதான். ஒரு கமிஷன் கடையில் சில எடைத் தராசுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தராசுக்கும் ஒரு நிரல் உண்டு. விவசாயி கொண்டுவந்த பூவை நிறுத்தவுடன் அவருடைய பெயரையும் எடையையும் அது செய்தியாக அனுப்பும். கணக்கு எழுதும் நிரல் ஒன்று அவற்றைப் பெற்றுப் பதிவு செய்யும். மல்லிகைக்கு 1, பிச்சிக்கு 2, முல்லைக்கு 3, கனகாம்பரத்துக்கு 4, சம்பங்கிக்கு 5 என்று வகை எண் கொடுத்திருக்கிறோம்.

செய்தி வரிசை என்றால் என்ன? பைப் இருக்கும்போது இது எதற்கு?

செய்தி வரிசை என்பது இயக்க முறைமையின் மையமான கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு பட்டியல். ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அதில் செய்தியைச் சேர்க்கும், இன்னொரு புராசஸ் எடுக்கும். இரு புராசஸ்களை இணைக்கும் பைப்பில் பைட்டுகள் வாய்க்கால் தண்ணீர் போல ஓடிவரும். ஒரு பதிவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பெறுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரிசையில் ஒவ்வொரு செய்தியும் கட்டிய பூ மூட்டை போலத் தனித்தனியாக இருக்கும்; ஒருமுறை பெற்றால் ஒரு முழுச் செய்தி வரும், பாதிச் செய்தியோ ஒன்றரைச் செய்தியோ வராது. அனுப்பும் நேரத்தில் பெறுபவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகைச் செய்தியை மட்டும் முதலில் எடுக்கும் வசதி பைப்பில் கிடையாது.

சிஸ்டம் ஃபைவ் வரிசை, போசிக்ஸ் வரிசை என இரண்டு இருக்கின்றனவே, எதைக் கற்பது?

இரண்டையும் கற்க வேண்டும். சிஸ்டம் ஃபைவ் வகை பழையது. பெல் ஆய்வகத்தில் கொலம்பஸ் யூனிக்ஸில் பிறந்து, 1983இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியாகப் பரவியது. யூனிக்ஸ் போன்ற அமைப்புகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் வகை 1993இல் நிகழ்நேர நீட்டிப்புகளோடு தரப்படுத்தப்பட்டது. லினக்ஸ் கெர்னலில் 2.6.6ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. மேக் கணினியில் போசிக்ஸ் வரிசை இல்லை, சிஸ்டம் ஃபைவ் மட்டுமே உண்டு. நம் பகுதிக் கல்லூரிகளின் ஆய்வக நோட்டுகளில் பெரும்பாலும் சிஸ்டம் ஃபைவ்தான் இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

செய்தியைப் பெறும் எம்எஸ்ஜி-ஆர்சிவி ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஐந்து ஆர்குமென்ட்டுகள் எவை?

முதலாவது, வரிசையைத் திறக்கும் எம்எஸ்ஜி-கெட் கொடுத்த வரிசை அடையாள எண். இரண்டாவது, செய்தி வந்து விழ வேண்டிய பஃபரின் முகவரி; அந்த ஸ்ட்ரக்சரின் முதல் உறுப்பு கட்டாயமாக லாங் வகையில் இருக்க வேண்டும், ஏனென்றால் செய்தியின் வகை எண்ணைக் கெர்னல் அங்கேதான் எழுதும். மூன்றாவது, செய்தியின் உடலுக்கு ஒதுக்கிய இடத்தின் அளவு. நான்காவது, எந்த வகைச் செய்தி வேண்டும் என்பது. ஐந்தாவது, அழைப்பு நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் கொடிகள். அழைப்பு வெற்றி பெற்றால் செய்தி வரிசையிலிருந்து நீக்கப்பட்டு உங்கள் பஃபரில் இருக்கும். பெறுவது என்பது படித்துப் பார்ப்பது அல்ல, எடுத்துக்கொள்வது. அந்த நொடியிலிருந்து அந்தச் செய்தி உலகத்தில் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

மூன்றாவது ஆர்குமென்ட்டில் முழு ஸ்ட்ரக்சரின் சைஸ்ஆஃப் கொடுக்கலாமா?

கூடாது. வகை எண்ணுக்கான லாங் அந்த அளவில் சேராது. 64 பிட் லினக்ஸில் லாங்குக்கு 8 பைட். முழு ஸ்ட்ரக்சரின் அளவைக் கொடுத்தால், உண்மையில் இருப்பதைவிட 8 பைட் அதிகமாக இடம் இருப்பதாகக் கெர்னலிடம் சொல்லிவிடுகிறீர்கள். சிறிய செய்திகள் வரும்வரை ஒன்றும் தெரியாது. என்றைக்கு அந்த முழு நீளத்துக்கும் ஒரு செய்தி வருகிறதோ அன்றைக்குப் பஃபருக்கு அப்பால் 8 பைட் எழுதப்பட்டு, பக்கத்தில் இருக்கும் வேறொரு மாறி கெட்டுப்போகும். தவறு ஓரிடத்தில் இருக்க, அறிகுறி வேறிடத்தில் தெரியும் என்பதால் இதைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும்.

முழு ஸ்ட்ரக்சரின் அளவிலிருந்து லாங்கின் அளவைக் கழித்துக் கொடுங்கள். செய்தியின் உடலைத் தனி ஸ்ட்ரக்சராக வைத்து அதன் சைஸ்ஆஃப் கொடுப்பதும் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அந்த உள் ஸ்ட்ரக்சரில் லாங் டபுள் போல 16 பைட் எல்லையில் உட்கார வேண்டிய உறுப்பு இருந்தால், வகை எண்ணுக்கும் உடலுக்கும் இடையே கம்பைலர் 8 பைட் வெற்றிடம் விடும். கெர்னலோ வெற்றிடத்தைப் பற்றி அறியாது; லாங் முடிந்த இடத்திலிருந்தே கணக்கிடும். ஆகவே கடைசி 8 பைட் அனுப்பப்படாமலே போய்விடும். கழித்தல் முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

நான்காவது ஆர்குமென்ட்டுக்குப் பூஜ்யம், நேர் எண், எதிர் எண் கொடுத்தால் என்ன வேறுபாடு?

சிஸ்டம் ஃபைவ் வரிசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம், பொறுமையாகப் பாருங்கள்.

பூஜ்யம் கொடுத்தால் வகை எதுவாக இருந்தாலும் முதலில் வந்த செய்தி கிடைக்கும். சந்தையில் முதலில் வந்தவர் மூட்டையை முதலில் இறக்குவது போல.

நேர் எண் கொடுத்தால் அந்த வகையில் முதலில் வந்த செய்தி கிடைக்கும். 4 என்று கொடுத்தால் முன்னால் நூறு மல்லிகைச் செய்திகள் நின்றாலும் அவற்றைத் தொடாமல் முதல் கனகாம்பரச் செய்தியைக் கெர்னல் எடுத்துத் தரும். கனகாம்பரச் செய்தி எதுவும் இல்லையென்றால், மற்ற வகைகள் எவ்வளவு இருந்தாலும் உங்கள் நிரல் காத்துக்கிடக்கும். “வரிசைகளைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கட்டளையில் செய்திகள் இருப்பதாகக் காட்டுகிறது, என் நிரலுக்கு மட்டும் எதுவும் வரவில்லை” என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுவே. அனுப்பியவர் 1 என்று போட்டிருப்பார், பெறுபவர் 2 என்று கேட்டிருப்பார்.

எதிர் எண் கொடுத்தால், குறியை நீக்கிய அந்த எண்ணின் மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ உள்ள வகைகளில் மிகச் சிறிய வகை எண் எதுவோ, அதில் முதலில் வந்த செய்தி கிடைக்கும். -3 என்று கொடுத்தால், மல்லிகை இருக்கும்வரை மல்லிகை, அது தீர்ந்தால் பிச்சி, அதுவும் தீர்ந்தால் முல்லை. கனகாம்பரத்தையும் சம்பங்கியையும் அந்த அழைப்பு தொடவே தொடாது. மல்லிகைக்கு 1 கொடுத்ததற்குக் காரணமும் இதுவே: மொட்டு விரிய விரிய விலை இறங்கும் பூ அது, அதன் கணக்கு முதலில் முடிய வேண்டும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. மல்லிகை சீசனில் 1ஆம் வகைச் செய்திகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், முல்லை கொண்டுவந்தவரின் பதிவு வெகுநேரம் வரிசையிலேயே கிடக்கும். கெர்னல் அதற்காக இரக்கப்படாது. சில செய்திகளுக்கு ஒருமுறை பூஜ்யம் கொடுத்து, மிகப் பழைய செய்தியை எடுப்பது என்று நீங்கள்தான் நியாயம் செய்ய வேண்டும்.

லினக்ஸில் எம்எஸ்ஜி-எக்செப்ட் என்ற கொடியை நேர் எண்ணோடு சேர்த்தால், அந்த வகை தவிர்த்த முதல் செய்தி கிடைக்கும். இது லினக்ஸுக்கே உரியது. ஜிஎன்யூ-சோர்ஸ் மேக்ரோவை அறிவித்த பிறகே கம்பைலர் இதை அடையாளம் காணும்.

வகை எண்ணாகப் பூஜ்யம் அனுப்பலாமா?

முடியாது. அனுப்பும்போது வகை எண் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தியை அனுப்பும் எம்எஸ்ஜி-எஸ்என்டி தோல்வியடைந்து, பிழை எண் பதிவாகும் எர்நோ என்ற மாறியில் ஈ-இன்வால் இருக்கும்.

திருப்பி வரும் மதிப்பை எப்படிப் புரிந்துகொள்வது? பூஜ்யம் வந்தால் வரிசை முடிந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. திரும்பி வருவது செய்தியின் உடலில் எத்தனை பைட் வந்தது என்பது. கோப்பைப் படிக்கும் ரீட் ஃபங்ஷனில் பூஜ்யம் என்றால் கோப்பு முடிந்தது. இங்கே பூஜ்யம் என்றால் உடலே இல்லாத, வகை எண் மட்டும் உள்ள செய்தி வந்திருக்கிறது. அது முறையான செய்திதான். “இன்றைய எடை முடிந்தது” என்று தெரிவிக்க நாங்கள் அப்படி ஒரு வெற்றுச் செய்தியைப் பயன்படுத்துகிறோம். தோல்வி என்றால் -1 வரும், காரணம் எர்நோவில் இருக்கும். அந்த மதிப்பைக் குறியுள்ள வகையான எஸ்சைஸ்-டி மாறியில் வாங்குங்கள்; குறியற்ற மாறியில் வாங்கினால் -1 ஒரு மாபெரும் எண்ணாக மாறி, பிழைச் சோதனை பயனற்றுப் போகும்.

பெயரை அச்சிட்டால் முடிவில் குப்பை எழுத்துகள் வருகின்றன. ஏன்?

ஸ்டிரிங்கின் முடிவில் இருக்க வேண்டிய நல் எழுத்தைக் கெர்னல் சேர்ப்பதில்லை. அனுப்பியவர் ஸ்டிரிங்கின் நீளத்தை மட்டும் எண்ணி, அதோடு ஒன்று கூட்டாமல் அனுப்பியிருப்பார். அனுப்பும் பக்கத்தைத் திருத்துங்கள். ஆனால் அதை நம்பியும் இருக்காதீர்கள். பஃபரில் ஒரு பைட் கூடுதலாக வைத்துக்கொண்டு, திரும்பி வந்த நீளத்தின் இடத்தில் நீங்களே நல் எழுத்தை வையுங்கள்.

செய்தி என் பஃபரைவிடப் பெரிதாக இருந்தால்?

இரண்டு வழிகள். கொடி எதுவும் இல்லையென்றால் அழைப்பு தோல்வியடைந்து ஈ-டூபிக் என்ற பிழை வரும். செய்தி வரிசையிலேயே பத்திரமாக இருக்கும். எம்எஸ்ஜி-நோஎரர் கொடியைக் கொடுத்தால் கெர்னல் செய்தியை உங்கள் அளவுக்கு வெட்டித் தரும். வெட்டிய பகுதி திரும்பக் கிடைக்காது.

இந்தக் கொடியை நான் கையாண்டு பட்ட அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கமிஷன் கடைக்காகச் சோதனை முறையில் இந்த எடை நிரல்களை எழுதினேன். செய்தியின் உடல் 44 பைட்: பெயருக்கு 40, அதன் பின் எடைக்கு 4. ஊர்ப் பெயரும் சேர்த்து எழுத இடம் போதவில்லை என்று தராசு நிரல்களில் பெயரை 60 பைட்டாக்கினேன்; உடல் 64 பைட் ஆயிற்று. கணக்கு நிரலைப் புதிதாகக் கம்பைல் செய்ய மறந்துவிட்டேன். அதில் எம்எஸ்ஜி-நோஎரர் கொடி இருந்தது. பிழை எதுவும் வரவில்லை. 64 பைட் செய்தியின் முதல் 44 பைட் வந்து சேர்ந்தது. பழைய கணக்கு நிரல் 41ஆம் பைட்டிலிருந்து எடையைப் படித்தது. அங்கே இருந்ததோ பெயர்ப் பகுதியின் நிரப்பாத பூஜ்யங்கள். விடியற்காலையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பூ கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் எடை பூஜ்யம் என்று பதிவானது. கையால் எழுதிய துண்டுச்சீட்டுகளையும் கூடவே வைத்திருந்ததால் அன்றே சரிசெய்ய முடிந்தது. அவை இல்லாமல் இருந்திருந்தால் இரவெல்லாம் பறித்துக் கொண்டுவந்தவர் கையில் ஒன்றும் இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வெட்டுப்பட்டதைத் திருப்பி வந்த மதிப்பு காட்டிக்கொடுக்காது என்பது. 44 பைட் கேட்டேன், 44 வந்தது. சரியாக 44 பைட் உள்ள செய்தி வந்தாலும் அதே 44தான் வரும். அதனால் அந்தக் கொடியை வழக்கமான பாதையில் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். இப்போது ஒவ்வொரு செய்தியின் முதல் உறுப்பாகப் பதிப்பு எண்ணும், அடுத்ததாக மொத்த நீளமும் இருக்கும். வந்த நீளம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தச் செய்தியைக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கோப்பில் எழுதி எச்சரிக்கை தருகிறோம்.

கொடி இல்லாத வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஈ-டூபிக் வந்த செய்தி வரிசையின் தலையிலேயே இருப்பதால், பூஜ்ய வகையில் மறுபடி கேட்டால் மறுபடியும் அதே பிழைதான் வரும். நிரல் முடிவில்லாமல் சுற்றும். லினக்ஸில் ஒரு செய்தியின் உச்ச அளவு இயல்பாக 8192 பைட். அந்த அளவுக்கு ஒரு பஃபரைத் தனியாக வைத்துக்கொண்டு, ஈ-டூபிக் வந்தால் மட்டும் அதில் எடுத்து ஆராய்வது நல்லது.

என் நிரல் எம்எஸ்ஜி-ஆர்சிவியில் நின்றுவிடுகிறது. இது பிழையா?

அல்ல. கேட்ட வகையில் செய்தி இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பதே அதன் இயல்பு. காத்திருக்கும் புராசஸைக் கெர்னல் உறங்க வைத்துவிடுவதால் சிபியு நேரம் வீணாவதில்லை. காத்திருக்க விரும்பாவிட்டால் ஐபிசி-நோவெயிட் கொடியைக் கொடுங்கள்; செய்தி இல்லையென்றால் உடனே -1 திரும்பி, எர்நோவில் ஈ-நோமெசேஜ் இருக்கும். ஆனால் அந்தக் கொடியோடு இடைவெளி இல்லாத ஒரு லூப் எழுதினால் ஒரு சிபியு முழுவதும் வெறுமனே சுற்றும்.

காத்திருக்கும்போது ஈ-இன்டர் என்ற பிழை வருகிறதே?

உங்கள் புராசஸுக்கு ஒரு சிக்னல் வந்து, அதற்கான ஹேண்ட்லர் ஓடி முடிந்திருக்கிறது. இதைத் தோல்வியாகக் கருதி நிரலை முடித்துவிடாதீர்கள்; நிறுத்தச் சொன்ன சிக்னலா என்று பார்த்து, இல்லையென்றால் மீண்டும் அழையுங்கள்.

ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் சிக்ஆக்ஷனில் எஸ்ஏ-ரீஸ்டார்ட் கொடியைக் கொடுத்தால் அழைப்பு தானாகத் தொடருமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். ரீட் போன்ற பல அழைப்புகளுக்கு அது உண்மை. எம்எஸ்ஜி-ஆர்சிவி, எம்எஸ்ஜி-எஸ்என்டி இரண்டுக்கும் லினக்ஸில் அந்தக் கொடி பலன் தராது, எப்போதும் ஈ-இன்டர்தான். போசிக்ஸ் வரிசையில் செய்தி பெறும் எம்கியூ-ரிசீவ் இதற்கு மாறாக, அந்தக் கொடிக்குக் கட்டுப்படுகிறது.

காத்திருக்கும் நேரத்தில் வேறொருவர் வரிசையையே அழித்துவிட்டால் ஈ-ஐடிஆர்எம் வரும். இங்கே மீண்டும் அழைப்பதில் பயனில்லை. வரிசையை மறுபடி திறக்க வேண்டும்.

ஐந்து நொடி மட்டும் காத்திருக்க முடியுமா?

சிஸ்டம் ஃபைவில் நேரடி வழி இல்லை. அலாரம் வைத்து, ஈ-இன்டர் வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று கொள்வது பழைய உத்தி. ஆனால் அலாரம் வைத்ததற்கும் ஆர்சிவியை அழைத்ததற்கும் இடையில் கணினி தாமதித்து, சிக்னல் முன்பே வந்துபோய்விட்டால் நிரல் கால வரம்பின்றிக் காத்துக்கிடக்கும். ஒரேயொரு முறை அடிக்கும் அலாரத்துக்குப் பதிலாக, திரும்பத் திரும்ப அடிக்கும் டைமரை வைத்தால் அந்த ஆபத்து நீங்கும்.

போசிக்ஸில் எம்கியூ-டைம்டுரிசீவ் இருக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டியது “எவ்வளவு நேரம்” அல்ல, “எந்த நேரம் வரை” என்பது. ஐந்து என்று கொடுத்தால் 1970 ஜனவரி 1 நள்ளிரவு கழிந்து ஐந்தாவது நொடி என்று பொருளாகி, செய்தி இல்லாதபோது உடனே ஈ-டைம்டுஅவுட் திரும்பும். கிளாக்-கெட்டைம் கொண்டு இப்போதைய நேரத்தைப் பெற்று அதோடு ஐந்தைக் கூட்டுங்கள்.

சாக்கெட்டையும் செய்தி வரிசையையும் ஒரே நேரத்தில் போல் அல்லது செலக்ட் கொண்டு கண்காணிக்கலாமா?

போல், செலக்ட் இரண்டும் ஃபைல் டிஸ்கிரிப்டர்களை, அதாவது திறந்த கோப்பு, சாக்கெட் போன்றவற்றுக்குக் கெர்னல் தரும் எண்களை, மட்டுமே கண்காணிக்கும். சிஸ்டம் ஃபைவ் வரிசையின் அடையாள எண் ஃபைல் டிஸ்கிரிப்டர் அல்ல, ஆகவே முடியாது. ஒரு தனி திரெட்டில் ஆர்சிவியை அழைத்து, வந்ததைப் பைப் வழியாக முதன்மை லூப்புக்குத் தள்ளுவதே வழக்கம். போசிக்ஸ் வரிசை லினக்ஸில் ஃபைல் டிஸ்கிரிப்டராகவே அமைந்திருப்பதால் போல், ஈபோல் இரண்டும் வேலை செய்யும். ஆனால் இது லினக்ஸின் வசதி, போசிக்ஸின் உறுதிமொழி அல்ல.

இரண்டு கணக்கு நிரல்கள் ஒரே வரிசையில் காத்திருந்தால் செய்தி இருவருக்கும் போகுமா?

போகாது. ஒரு செய்தி ஒருவருக்கு மட்டுமே. வேலையைப் பங்கிட இது ஏற்ற முறை. எல்லோருக்கும் அறிவிக்க ஏற்றதல்ல.

பதிலையும் அதே வரிசையில் பெறலாமா?

பெறலாம். கேட்பவர் தன் புராசஸ் எண்ணைச் செய்திக்குள் வைத்து அனுப்புவார், பதில் தருபவர் அந்த எண்ணையே வகை எண்ணாகப் போட்டு அனுப்புவார், கேட்டவர் அந்த வகையை மட்டும் பெறுவார். பாடங்களில் அழகாகத் தோன்றும் இந்த முறை நடைமுறையில் சிக்கிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லினக்ஸில் ஒரு வரிசையின் கொள்ளளவு இயல்பாக 16384 பைட். நம்முடைய 64 பைட் செய்திகள் 256 சேர்ந்தால் நிறைந்துவிடும். தராசு நிரல்கள் கேள்விகளால் வரிசையை நிரப்பிவிட்டால், கணக்கு நிரல் பதில் எழுத இடமின்றி எம்எஸ்ஜி-எஸ்என்டியில் நின்றுவிடும். அது நின்றதால் கேள்விகளை எடுக்க ஆளில்லை. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். பதிலைப் பெறாமலே ஒரு தராசு நிரல் செயலிழந்தால், அதன் பதில்கள் யாரும் எடுக்காத பொதியாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கேள்விக்கு ஒரு வரிசை, பதிலுக்கு ஒரு வரிசை என்று பிரித்து வையுங்கள்.

நிரலை இன்று புதிதாகத் தொடங்கினேன். நேற்றைய செய்தி வருகிறதே?

வரிசை எந்தப் புராசஸுக்கும் சொந்தமல்ல. எல்லா நிரல்களும் முடிந்த பின்னும், யாராவது அழிக்கும்வரை அல்லது கணினி அணைக்கப்படும்வரை அது கெர்னலில் இருக்கும். ஐபிசிஎஸ் கட்டளையில் கியூ தெரிவைக் கொடுத்தால் இருக்கும் வரிசைகளும் அவற்றில் நிற்கும் செய்திகளின் எண்ணிக்கையும் தெரியும். ஐபிசிஆர்எம் கொண்டு அழிக்கலாம். நிரலுக்குள் இதையே செய்ய எம்எஸ்ஜி-சிடிஎல் இருக்கிறது. எந்த வரிசை என்று சொல்ல எம்எஸ்ஜி-கெட்டுக்குக் கொடுப்பது சாவி எண். ஆய்வகக் கணினியில் இருவர் ஒரே சாவி எண்ணைப் பயன்படுத்தி ஒருவர் செய்தியை இன்னொருவர் எடுத்துவிடுவதும் உண்டு. அதனால் வகுப்பில் 1234 போன்ற எண்ணை எழுத நான் அனுமதிப்பதில்லை.

எஃப்டோக் கொண்டு சாவி செய்தும் இரு நிரல்களும் வெவ்வேறு வரிசைகளைத் திறக்கின்றன. ஏன்?

எஃப்டோக் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை; கோப்பு முறைமை அந்தக் கோப்புக்குக் கொடுத்திருக்கும் ஐநோட் எண், அது இருக்கும் சாதனத்தின் எண், நீங்கள் கொடுத்த திட்ட எண்ணின் கடைசி 8 பிட்கள் ஆகியவற்றிலிருந்து சாவியைச் செய்கிறது. கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் ஐநோட் மாறக்கூடும், சாவியும் மாறும். சில எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்புக்குப் பதில் புதியதை வைப்பதாலும் இது நேரும். கோப்பே இல்லையென்றால் எஃப்டோக் -1 தரும். அதைச் சோதிக்காமல் எம்எஸ்ஜி-கெட்டுக்குக் கொடுத்தால், அதுவும் ஒரு சாவியாகவே ஏற்கப்படும். ஒரு நிரல் டாக்கர் கன்டெய்னருக்குள்ளும் மற்றது வெளியிலும் ஓடினால் சாவி ஒன்றாக இருந்தாலும் வரிசை ஒன்றாக இருக்காது, ஏனென்றால் கன்டெய்னருக்கு இயல்பாகத் தனி ஐபிசி எல்லை உண்டு.

போசிக்ஸின் எம்கியூ-ரிசீவ் எப்படி வேறுபடுகிறது?

வரிசைக்கு எண்ணுக்குப் பதிலாக, சாய்கோட்டில் தொடங்கும் பெயர் உண்டு. செய்திக்கு வகை கிடையாது, முன்னுரிமை உண்டு. பெறும்போது தேர்ந்தெடுக்க முடியாது, முன்னுரிமை மிகுந்தவற்றில் பழையது எப்போதும் முதலில் வரும். இங்கே பெரிய எண்தான் முந்தும். சிஸ்டம் ஃபைவில் எதிர் எண் முறையில் சிறிய எண் முந்தியதை நினைவில் கொண்டு, மல்லிகைக்கு 5, சம்பங்கிக்கு 1 என்று எண்களைத் தலைகீழாக்க வேண்டும்.

எல்லோரும் விழும் குழி பஃபரின் அளவு. வரும் செய்தி பத்து பைட்டாக இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் பஃபர் அந்த வரிசையின் உச்சச் செய்தி அளவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஈ-எம்எஸ்ஜிசைஸ் வரும். பண்புகள் எதுவும் கொடுக்காமல் வரிசையை உருவாக்கினால் அந்த அளவு லினக்ஸில் இயல்பாக 8192 பைட், நிற்கக்கூடிய செய்திகள் 10. 64 பைட் பஃபரோடு வரும் மாணவருக்கு இந்தப் பிழை விளங்காமல் போவது இதனால்தான். எம்கியூ-கெட்ஆட்டர் கொண்டு அளவைக் கேட்டு, அதற்கேற்ப மாலாக் செய்யுங்கள்.

செய்தி வந்தால் அறிவிக்கச் சொல்லும் எம்கியூ-நோட்டிஃபை வரிசை காலியாக இருந்து செய்தி வரும்போது மட்டுமே அறிவிக்கும். ஒருமுறை அறிவித்ததும் பதிவு ரத்தாகிவிடும். ஆகவே அறிவிப்பு வந்ததும் முதலில் மறுபடி பதிவு செய்து, பிறகு காத்திருக்காத முறையில் வரிசை காலியாகும்வரை எடுக்க வேண்டும். முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பதிவு செய்தால், இடையில் வந்து விழும் செய்தியைப் பற்றி அறிவிப்பே வராது.

செய்திக்குள் பாயிண்டர் அனுப்பினேன். பெறும் நிரல் செயலிழக்கிறது.

அந்த முகவரிக்கு அனுப்பியவரின் நினைவகத்தில் மட்டுமே பொருள் உண்டு. ஒரு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வேறு வீட்டைத் திறக்க முடியாது. பொருளையே அனுப்ப வேண்டும்.

செய்தியைப் பெற்ற பின், பதிவு செய்யும் முன் கணக்கு நிரல் நின்றுபோனால் அந்தச் செய்தி என்ன ஆகும்?

போய்விடும். வரிசையில் அது இல்லை. கெர்னலிடம் பிரதியும் இல்லை. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், இன்னும் எடுக்கப்படாத செய்திகளும் சேர்ந்தே போய்விடும், ஏனென்றால் வரிசை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது.

எங்கள் கமிஷன் கடை எடுத்துக்காட்டில் இப்படிச் செய்கிறோம். ஒவ்வொரு தராசு நிரலும் தன் பதிவுகளுக்குத் தொடர் எண் கொடுத்து, அனுப்புமுன் தன் கோப்பில் எழுதிக்கொள்கிறது. கணக்கு நிரல் செய்தியைப் பெற்று, பதிவை எழுதி, அதை வட்டில் உறுதியாகச் சேர்க்க எஃப்சிங்க் செய்து, அது வெற்றி பெற்ற பின்னரே பதில் வரிசையில் அந்த எண்ணை அனுப்புகிறது. பதில் வராத எண்களைத் தராசு நிரல் மறுபடி அனுப்பும். எழுதிய பின், பதில் அனுப்பும் முன் நின்றிருந்தால் அதே பதிவு இரண்டாம் முறையும் வரும். அதனால் கணக்கு நிரல் தராசின் எண்ணையும் பதிவின் எண்ணையும் ஒப்பிட்டு, ஏற்கெனவே எழுதியதாக இருந்தால் கணக்கில் மீண்டும் சேர்க்காமல் பதிலை மட்டும் அனுப்புகிறது. வகுப்பில் இதைச் சோதிக்க, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கில் கட்டளையில் 9ஆம் சிக்னலை அனுப்பி நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கச் சொல்வேன். இருபது முறை அப்படிச் செய்த பிறகும் தராசுகளின் மொத்த எடையும் கணக்குப் புத்தகத்தின் மொத்த எடையும் ஒரு கிராம்கூட வேறுபடாமல் இருந்தால்தான் அந்தப் பயிற்சியை முடிந்ததாக ஏற்றுக்கொள்கிறேன்.